மருட்கைக் கலையும் முதுமைப் படைப்பும்

முன்னுரை

கலைஞன் ஒருவனின் முதுமைப் படைப்பை அவனுடைய இளமைப் படைப்பைக் கொண்டு அளப்பது திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். இவ்வழக்கம் எல்லாக் கலைகளுக்கும் ஒருபடித்தாகப் பொருந்துவதில்லை. காண்போரை அதிர்ச்சிக்கு உள்ளாக்குவதையே தொழிலாகக் கொண்ட கலைக்கு இது பெரிதும் இடர் விளைப்பதாகும். அதிர்ச்சி முதன்முறை முழுமையாக நிகழும், மறுமுறை குறையும், நூறாம் முறை பழக்கமாகிவிடும். அங்ஙனமாயின், ஐம்பது ஆண்டுகள் அதிர்ச்சியூட்டியே பெயர் பெற்ற கலைஞர் ஒருவர் எழுபது அகவை கடந்த நிலையில் ஒரு படைப்பைத் தந்தால், அதனை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, அமெரிக்க ராக் இசைஞர் ஆலிஸ் கூப்பர் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் வெளியிட்ட ‘டெட்ராய்ட் ஸ்டோரீஸ்’ என்னும் இசைத்தொகுப்பு. டெட்ராய்ட் நகரத்துக் கதைகள் என்பது அப்பெயரின் பொருள். அது வெளிவந்தபோது கூப்பருக்கு அகவை 73. அத்தொகுப்பைத் திறனாய்வாளர் பலரும் இனிதாகவே வரவேற்றனர். அவ்வினிய வரவேற்பில் ஒரு குறை மறைந்திருந்தது என்பதும், முதுமைப் படைப்புக்குச் செய்யும் உண்மையான மதிப்பு கனிவன்று, கடுமையான ஆராய்ச்சியே என்பதும் நாம் நிறுவக் கருதுவன.

அளவுகோல்

மேலைநாட்டார் கலைஞனின் இறுதிக்காலப் படைப்பைத் தனியொரு பொருளாக ஆராய்ந்துள்ளனர். பேத்தோவனின் இறுதிக்கால இசை பற்றித் தியோடர் அடோர்னோ 1937இல் வெளியிட்ட சிறு கட்டுரை அவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று. எட்வர்டு சைத் மறைந்தபின் 2006இல் வெளிவந்த அவருடைய நூல் அக்கருத்தை விரித்துரைத்தது. முதுமைப் படைப்பு என்பது அமைதியும் நிறைவும் உடையதாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. முரணும் முறிவும் உடையதாகவும் இருக்கலாம் என்பது அவர்கள் காட்டிய உண்மை.

எனினும், சுவைப்போர் உள்ளத்தில் நிகழ்வதை ஆராய்வதற்கு நம் துறையினர் கையில் வேறொரு கருவியும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினை வகுத்துக் காட்டுகிறது. மருட்கையின் நிலைக்களன்களுள் முதலில் வைக்கப்பட்டது புதுமை. இளிவரலின் நிலைக்களன்களுள் முதலில் வைக்கப்பட்டது மூப்பு. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்று இசைமை, அஃதாவது புகழ். இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினால், மருட்கையை விளைத்து வாழும் கலைஞன் முதுமையில் எதிர்கொள்ளும் இடர் தெளிவாகப் புலனாகும். அவனுடைய கலைக்கு உயிராகிய புதுமை காலத்தால் அழிகிறது. அதன் இடத்தில் வந்து நிற்கும் மூப்போ அவனை இளிவரலுக்கு உரியவனாக்க முற்படுகிறது. இளிவரலினின்று அவனைக் காக்க எண்ணும் திறனாய்வாளன் புகழை முன்னிறுத்திப் பெருமிதம் பேசுகிறான். மெய்ப்பாட்டியல் அமெரிக்க ராக் இசையை நோக்கி எழுந்த இலக்கணம் அன்று என்பதை நாம் மறக்கவில்லை. சுவைஞர் உள்ளத்தின் இயல்பைப் பகுத்துரைக்கும் அளவில் அதனை ஈண்டுப் பயன்கொள்கிறோம்.

புதுமை நிலவிய காலம்

ஆலிஸ் கூப்பர் என்பது முதற்கண் ஐவர் கொண்ட ஓர் இசைக்குழுவின் பெயராகவே இருந்தது. டெட்ராய்ட் நகரில் 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் பிறந்து, அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் வளர்ந்த வின்சென்ட் பர்னியர் அக்குழுவின் பாடகர். கிளென் பக்ஸ்டன், மைக்கேல் புரூஸ், டென்னிஸ் டனவே, நீல் ஸ்மித் ஆகியோர் ஏனை நால்வர். குழுவின் பெயரே பின்னர்ப் பாடகரின் பெயராகவும் ஆயிற்று. இவர் சமயப் போதகர் ஒருவரின் மகன் என்பதும் கருதத்தக்கது.

1969ஆம் ஆண்டு செப்டம்பரில் கனடா நாட்டு டொரான்டோவில் நடந்த இசைவிழா இக்கலையின் வரவேற்பை ஆராய்வார்க்கு ஒரு தொடக்கப் புள்ளியாகும். மேடைக்கு வந்துவிட்ட கோழி ஒன்றைப் பறக்கும் என்று எண்ணிக் கூப்பர் கூட்டத்தை நோக்கி எறிந்தார். கூட்டத்தினர் அதனைப் பிய்த்துப் போட்டனர். செய்தி பரவியபோது, கோழியின் தலையைக் கடித்துக் குருதியைக் குடித்தவர் கூப்பர் என்றே அது உருமாறியிருந்தது. அதிர்ச்சிக் கலையின் வரவேற்பு, படைப்பைக் கேட்பதற்கு முன்பே, பேச்சினால் உருவாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆதரவு கிட்டாத அக்குழுவினர் 1970இல் டெட்ராய்ட் வட்டாரத்திற்குக் குடிபெயர்ந்தனர். எம்.சி.5, ஸ்டூஜஸ் முதலிய குழுக்களின் முரட்டு இசைக்குப் பழகிய அந்நகரத்தார் இவர்களை ஏற்றுக்கொண்டனர். அக்காலத்தே இளைஞராயிருந்த கனடா நாட்டு இசைத்தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் இவர்களுடைய பாடல்களைச் செப்பஞ் செய்தார். 1971இல் ‘லவ் இட் டு டெத்’, ‘கில்லர்’ என்னும் தொகுப்புகளும், 1972இல் ‘ஸ்கூல்ஸ் அவுட்’ என்னும் தொகுப்பும் வெளிவந்தன. 1973இல் வந்த ‘பில்லியன் டாலர் பேபீஸ்’ அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது.

மேடையில் மலைப்பாம்பும் மின்நாற்காலியும் தூக்குமரமும் இடம்பெற்றன. 1973இல் தலை துணிக்கும் கில்லட்டின் பொறியும் வந்தது. அதனை அமைத்துத் தந்தவர் புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி. இக்காட்சிகளின் அமைப்பை ஊன்றி நோக்குவோர் ஒன்றை உணர்வர். தீயோனாக நடிக்கும் கூப்பர் இறுதியில் தண்டனை பெற்றுச் சாகிறார். பின்னர் வெள்ளுடை அணிந்து உயிர்த்தெழுந்து பாடுகிறார். அறநெறி நாடகத்தின் கட்டுக்கோப்பு இதனுள் ஒளிந்திருக்கிறது. அக்காலக் கண்டனக்காரர் இதனைக் காணவில்லை. பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ஆப்ஸ் 1973இல் கூப்பரை நாட்டினுள் விடலாகாது என வற்புறுத்தினார். மேரி வைட்ஹவுஸ் ‘ஸ்கூல்ஸ் அவுட்’ பாடலை எதிர்த்தார்.

இசைத் திறனாய்வாளர் சிலர் காட்சிக்கு அப்பால் சென்று பாடலையும் கேட்டனர். லெஸ்டர் பாங்ஸ் ‘கில்லர்’ தொகுப்பைப் பாராட்டி எழுதினார். பாப் டிலன் 1978இல் அளித்த நேர்காணலில், கூப்பர் உரிய கவனம் பெறாத பாடலாசிரியர் என்னும் கருத்தை வெளியிட்டார். ஆகவே, அச்சத்தின் பின்னே பாட்டு இருக்கிறது என்னும் குரல் அன்றே எழுந்தது. அக்குரல் கூச்சலில் அமிழ்ந்துவிட்டது.

புதுமை தேய்ந்த காலம்

1975இல் ‘வெல்கம் டு மை நைட்மேர்’ என்னும் தொகுப்பால் கூப்பர் தனிக்கலைஞரானார். திகிற்படங்களில் பெயர் பெற்ற நடிகர் வின்சென்ட் பிரைஸ் அதில் குரல் கொடுத்திருந்தமை ஒரு திருப்பத்தைக் காட்டுகிறது. பொதுமக்கள் அஞ்சிய கூப்பர், அவர்கள் விரும்பிக் காணும் திகிற்கதை மாந்தராக மாறத் தொடங்கினார். மதுவுக்கு அடிமையானதும், மனநோய் மருத்துவமனையில் தங்கிய பட்டறிவை 1978இல் ‘பிரம் தி இன்சைட்’ என்னும் தொகுப்பாக ஆக்கியதும், எண்பதுகளில் மதுவை முற்றிலும் துறந்ததும் அவருடைய வரலாற்றின் அடுத்த படிகள். 1989இல் ‘டிராஷ்’ தொகுப்பு மீண்டும் பெரும் விற்பனை கண்டது.

தொலைக்காட்சிச் செய்தியில் மெய்யான கொடுமைகளை நாள்தோறும் காணும் மக்களை மேடைக் குருதி அதிர்ச்சியுறச் செய்யாது என்னும் கருத்தைக் கூப்பரே பலகாலும் கூறியிருக்கிறார். தம் கலையின் அடிப்படை கரைந்ததை உணர்ந்த கலைஞர் அவர் என்பது இதனால் விளங்கும். 2011இல் இருநிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்தன. முதற்குழுவினர் ராக் இசைப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். அவ்வாண்டே, 1975ஆம் ஆண்டுத் தொகுப்பின் தொடர்ச்சியாக ‘வெல்கம் 2 மை நைட்மேர்’ வெளிவந்தது. எஞ்சியிருந்த பழைய தோழர் மூவரும் அதன் பாடல்கள் சிலவற்றில் பங்குகொண்டனர். ஒருகாலத்து நாட்டினுள் விடலாகாது என விலக்கப்பட்டவர் புகழ்மண்டபத்தில் அமர்ந்தார். மருட்கை நீங்கிய இடத்தில் இசைமை வந்து அமர்ந்தது எனலாம்.

தொகுப்பின் இயல்பு

‘டெட்ராய்ட் ஸ்டோரீஸ்’ பதினைந்து பாடல்களைக் கொண்டது. தயாரித்தவர் ஐம்பது ஆண்டுகட்கு முன் உடனிருந்த அதே எஸ்ரின். டெட்ராய்ட் இசையுலகைச் சார்ந்த முதியோர் பலர் இதில் இசைத்தனர். எம்.சி.5 குழுவின் வேய்ன் கிரேமரும், மிட்ச் ரைடரின் குழுக்களில் முழவு இசைத்த ஜானி படான்ஜெக்கும் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர். எம்.சி.5, பாப் சீகர் முதலியோரின் பழம்பாடல்கள் மறுவடிவம் பெற்றன. கூப்பரே 2003இல் பாடிய டெட்ராய்ட் பற்றிய பாடல் ஒன்றும் புதுக்கப்பட்டது.

முதற்பாடலின் அமைப்பு தனியே நோக்கத்தக்கது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவுக்காக லூ ரீட் இயற்றிய ‘ராக் அண்ட் ரோல்’ என்னும் அப்பாடல் நியூயார்க் நகரத்து வானொலியைப் பற்றியது. மிட்ச் ரைடரின் ‘டெட்ராய்ட்’ என்னும் குழு 1971இல் அதனைப் பாடியபோது தயாரித்தவர் எஸ்ரின், முழவிசைத்தவர் படான்ஜெக். அவ்விருவரும் உடனிருக்க, ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கூப்பர் அதனைப் பாடுகிறார். நியூயார்க் இருந்த இடத்தில் டெட்ராய்ட் வந்து நிற்கிறது. ஒரு சொல்லை மாற்றுவதனால், ஊர்பற்றிய பாடலொன்று மற்றோர் ஊரின் வரலாற்றோடு இணைக்கப்படுகிறது. இதனை வெறும் பழம்பாடல் என்று கருதுவோர் இவ்விணைப்பைத் தவறவிடுவர்.

திறனாய்வாளர் தீர்ப்பு

விற்பனைக் கணக்கு இருவேறு செய்திகளைக் கூறுகிறது. பில்போர்டு இதழின் இசைத்தொகுப்பு விற்பனைப் பட்டியலில் இது முதலிடம் பெற்றது; அப்பட்டியலில் கூப்பர் முதலிடம் அடைந்தது அதுவே முதன்முறை. ஆயின் இணையவழிக் கேட்பையும் சேர்த்துக் கணக்கிடும் ‘பில்போர்டு 200’ பட்டியலில் 47ஆம் இடமே கிடைத்தது. விலை கொடுத்து இசைத்தட்டு வாங்கும் பழைய சுவைஞர் முதலிடம் தந்தனர். இணையத்தில் கேட்டுச் செல்லும் பெருந்திரளினர் அத்துணை நாடவில்லை. எனவே, முதலிடம் என்னும் செய்தி மட்டும் கொண்டு படைப்பின் தரத்தையோ பரப்பையோ துணிதல் முறையாகாது.

மதிப்புரைகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு அமைந்தன. அவற்றில் காணப்படும் போக்குகளை நாம் மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, வேரை நாடிய படைப்பு என்னும் பாராட்டு. பிறந்த ஊர்க்கும் தொடக்கக் கால இசைக்கும் கலைஞர் திரும்பினார் என்பது இதன் சாரம். இது உண்மையே. ஆனால் திரும்புதல் தன்னளவில் ஒரு சிறப்பன்று. திரும்பிய கலைஞர் ஆங்கு எதனைக் கண்டார் என்பதே வினவத்தக்கது.

இரண்டாவது, இந்த அகவையிலும் இத்துணை ஊக்கமா என்னும் வியப்பு. இதுவே நாம் ஐயுறும் பகுதி. இங்கே புகழப்படுவது பாடலன்று, பாடியவரின் உடல்நலமே. இளிவரலுக்கு நிலைக்களனாகிய மூப்பை மறைப்பதற்காகத் திறனாய்வாளர் அதனையே வியப்புக்கு நிலைக்களனாக மாற்றிவிடுகின்றனர். அகவையை நீக்கிவிட்டால் பாராட்டில் எஞ்சுவது யாது என வினவினால், சில மதிப்புரைகளில் ஒன்றும் எஞ்சாது.

மூன்றாவது, தொகுப்பு நீண்டது, பலவகை இசையையும் ஒருங்கே கொண்டமையால் ஒருமைப்பாடு குறைந்தது என்னும் குறை. எண்ணிக்கையில் குறைவாயினும் இக்கூற்றே படைப்புக்குச் செய்யப்பட்ட மெய்யான மதிப்பு என்பது நம் கருத்து. எதனைச் சுருக்கியிருக்கலாம், எதனை நீக்கியிருக்கலாம் என்று சொல்வோர் முழுவதும் கேட்டவராதல் வேண்டும். பதினைந்தினுள் இலேசான கேளிக்கைப் பாடல்கள் சில உள்ளன என்பதையும், அவை நீக்கப்பட்டிருப்பின் தொகுப்பு இறுக்கம் பெற்றிருக்கும் என்பதையும் நாமும் மறுப்பதற்கில்லை.

பொய்ச்சாவும் மெய்ச்சாவும்

இத்தொகுப்பின் சிறப்பு அச்சம் விளைக்கும் பாடல்களில் இல்லை. அது வேறோரிடத்தே, நகைப்பாடல் ஒன்றனுள் அமைந்திருக்கிறது. ‘ஐ ஹேட் யூ’ என்பது அதன் பெயர்; ‘உன்னை வெறுக்கிறேன்’ என்பது பொருள். முதற்குழுவில் எஞ்சிய நால்வரும் ஒருவரை ஒருவர் முறைவைத்து ஏசிக்கொள்வதாக அது அமைகிறது. நெடுநாள் தோழர்க்கே உரிய உரிமையோடு கூடிய ஏச்சு அது. எள்ளலிற் பிறக்கும் நகை என இதனை வகைப்படுத்திக் கடந்துவிடுதல் எளிது.

ஆயின் ஏச்சு இறுதியில் ஐந்தாமவரை நோக்கித் திரும்புகிறது. ஐந்தாமவர் கிளென் பக்ஸ்டன். 1997ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தவர். மேடையில் அவர் நின்ற இடம் வெறுமையாயிருப்பதே அவர்மீது சாற்றப்படும் குற்றம். அதுகாறும் நகையாக வந்த சொல் அவ்விடத்தே அழுகையாகிறது. சொல் மாறவில்லை; சொல்லப்படுவோர் மாறினமையால் சுவை மாறுகிறது. இழவும் அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்று என்பதை ஈண்டு நினைவு கூர்தல் தகும்.

இதன் பொருளை உணர்வதற்குக் கில்லட்டினை மீண்டும் நினைத்தல் வேண்டும். 1973 முதல் கூப்பர் எத்தனையோ மேடைகளில் தலை துணிக்கப்பட்டிருக்கிறார். அத்தனை முறையும் எழுந்து வந்து பாடியிருக்கிறார். அக்கலையில் சாவு ஒரு வித்தை. உயிர்த்தெழுதல் அதன் உறுதிப்பாடு. சுவைஞர் அஞ்சியதும் மகிழ்ந்ததும் அவ்வுறுதிப்பாட்டின் மேலேயே. பக்ஸ்டனின் சாவு அவ்வாறு எழுந்து வரவில்லை. பொய்ச்சாவைக் கலையாக்கி வாழ்ந்த கூட்டம் மெய்ச்சாவைப் பாடவேண்டிய நிலைக்கு வந்தபோது, குருதியையும் பொறியையும் நாடவில்லை. பழைய ஏச்சுச் சொல்லையும் ஒரு வெற்றிடத்தையுமே நாடிற்று. அதிர்ச்சிக் கலைஞர் முதுமையில் கண்ட புதுமை இதுவே என நாம் துணிகிறோம். இதனை இருபத்தைந்து அகவையில் அவர் பாடியிருத்தல் இயலாது.

இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது ‘ஹேங்கிங் ஆன் பை எ திரெட்’ என்னும் பாடல். பெருந்தொற்றுப் பரவிய 2020இல் ‘டோன்ட் கிவ் அப்’ என முதலில் வெளிவந்த இப்பாடல், உள்ளம் உடைந்தோரை உயிரைப் பற்றிக்கொள்ளுமாறு வேண்டுவது. அச்சுறுத்துவோராக அறியப்பட்டவர் ஆறுதல் கூறுவோராகிறார். அவருடைய குரலின் கரகரப்பு மாறவில்லை. அதன் பணி மாறியிருக்கிறது.

நம் முடிபுக்குப் பின்னிகழ்ச்சி ஒன்றும் அரண் செய்கிறது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் ‘தி ரிவெஞ்ச் ஆஃப் ஆலிஸ் கூப்பர்’ வெளிவந்தது. முதற்குழுவினர் 1973க்குப் பின் ஒருங்கிணைந்து ஆக்கிய முழுத்தொகுப்பு அது. பக்ஸ்டன் முன்னர் இசைத்துப் பதிவு செய்திருந்த கித்தார் ஒலி அதன் பாடல் ஒன்றனுள் சேர்க்கப்பட்டது. 2021இல் வெற்றிடமாகப் பாடப்பட்டவர் நான்கு ஆண்டுகட்குப் பின் ஒலிவடிவில் அவ்விடத்தே நிறுத்தப்பட்டார். முன்னைய பாடலை நகை மட்டுமே எனக் கொண்டோர்க்கு இச்செயல் ஒரு விற்பனை உத்தியாகவே தோன்றும். அதன் அழுகையைக் கேட்டோர்க்கோ இது தொடர்ச்சியாகத் தோன்றும்.

முடிவுரை

மேற்கண்ட ஆராய்ச்சியால் பெறப்படுவனவற்றைச் சுருங்கக் கூறலாம். மருட்கையை விளைக்கும் கலை புதுமையைச் சார்ந்தது. எனவே அக்கலைஞரின் முதுமைப் படைப்பில் பழைய மருட்கையைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். அவ்வேமாற்றத்தை மறைக்கப் புகழையும் அகவையையும் பேசுவோர் படைப்பைப் பேசாது விடுவர். 1973இல் கூப்பரைக் கண்டித்தோர் மேடையைக் கண்டனர், பாடலைக் கேட்கவில்லை. 2021இல் அவரைப் பாராட்டினோருள் சிலர் முதியவரைக் கண்டனர். அவர்களும் பாடலைக் கேட்கவில்லை. கண்டனமும் பாராட்டும் இவ்வகையில் ஒன்றாகிவிடுகின்றன.

முதுமையுற்ற கலைஞர்க்குக் கனிவு காட்டுதல் மாந்தர் இயல்பு, அஃது இழுக்கன்று. ஆனால் திறனாய்வின் கடமை அத்துடன் முடிவதில்லை. குறையைக் குறையென்று சொல்லுமளவுக்கு ஒரு படைப்பைக் கேட்டவனே அதன் நிறையையும் கண்டறிய வல்லவன். எழுபத்து மூன்று அகவையில் ஒருவர் பதினைந்து பாடல் பாடினார் என்பது வரலாற்றுக் குறிப்பு. அவற்றுள் எப்பாடல் அவருடைய இளமைக்கு எட்டாதது என்று காட்டுவதே திறனாய்வு. எம்மொழிக் கலைஞரின் முதுமைப் படைப்பை ஆராயப் புகும் இளம் ஆய்வாளர்க்கும் இவ்வேறுபாடு பயன்படும் என நம்புகிறோம்.